நாலு நிமிடக் காற்று

ரேடியம் ராயப்பன் எங்கள் சிவகாசிக்கு வந்தது எண்பத்தொன்பதாம் வருடம், ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், அப்போது என் ரேடியோ ரிப்பேர்க் கடைச் சுவரில் ஏழு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஏழும் ஒரே நேரம் காட்டின, அப்படிக் காட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வாசல் வெளிச்சத்தை யாரோ மறைத்தார்கள், நிமிர்ந்து பார்த்தேன், மடித்துக் கட்டிய வேட்டியும் தோளில் சிவப்புத் துண்டுமாக ராயப்பன் நின்றார். நான் மாதாமாதம் படித்த சித்திரக்கதையில் வருகிற அதே மீசை, அதே புஜம். துண்டின் சிவப்பு மட்டும் துண்டின் மேல் உட்காராமல் ஒரு விரல்கடை இடதுபக்கம் தள்ளி நின்றது. முப்பத்தேழாம் இதழில் அப்படித்தான் கலர் விலகி அச்சாகியிருந்தது, அச்சுத் தொழில் நடக்கிற ஊர்க்காரனுக்கு இதெல்லாம் பார்த்ததுமே தெரிந்துவிடும், அதனால் இவர் முப்பத்தேழாம் இதழிலிருந்துதான் வருகிறார் என்று பிடிபட்டது. ஸ்டூலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னேன்.

அவர் உட்காரவில்லை. அவர் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு முட்டை வடிவம் ஊதிக்கொண்டு வந்தது, அதற்குள் எழுத்துகள் வந்தன: "அறிவியல் வாசகர் கோமதிநாயகம் அவர்களே! நான் தப்பிக்க ஒரு வழி கூறுங்கள்!"

கோமதிநாயகம் நான்தான். இந்த இடத்தில் என் யோக்கியதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் அச்சகம் ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறை 'ககன முரசு' என்று ஒரு சித்திரக்கதை இதழ் வந்துகொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டப் போன ராயப்பன் விண்கல் ஊறிய தண்ணீரைக் குடித்து உடம்பெல்லாம் ரேடியம் சக்தி ஏறி, டாக்டர் குளோரின் என்ற கொடியவனோடு பூமியிலும் வானத்திலும் மோதுகிற கதை அது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒன்றாம் தேதி வந்தால் கடையைப் பாதி சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் போய் நிற்பேன், கட்டைப் பிரிக்கும்போதே முதல் இதழை உருவிக்கொள்வேன், அங்கேயே நின்றபடி ஒருமுறை, வீட்டில் இரண்டுமுறை படிப்பேன், படித்து முடித்ததும் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதுவேன். பாராட்டி இல்லை. விண்வெளியில் குண்டு வெடித்தால் 'டமார்' என்று எப்படிக் கேட்கும், ஒலி போகக் காற்று வேண்டாமா? சுவரை ஊடுருவிப் பார்க்கிற கண், அதே கண்ணால் டீ கிளாஸை எப்படிப் பார்க்கிறது, கிளாஸையும் ஊடுருவிவிடாதா? மணிக்கு ஐயாயிரம் மைல் வேகத்தில் பறக்கிறவரின் வேட்டி ஏன் தீப்பிடிக்கவில்லை? ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு மீட்டராவது இடுப்பில் வேண்டாமா? இப்படி முப்பத்தாறு கார்டு எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் தவறுகளுக்கு நம்பர் போட்டு.

கதையை எழுதியது தங்கபுஷ்பம் அக்கா. அந்த அச்சகத்தில் புரூப் பார்க்கிறவர், நாற்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, காதில் சிவப்புப் பென்சில். இதழில் ஆசிரியர் பெயர் என்று ஏதோ ஒரு ஆண் பெயரைப் போட்டிருந்தார்கள், அதனால் நான் எழுதிய கார்டுகளெல்லாம் 'ஐயா' என்று ஆரம்பித்து ஒரு அக்காவைப் போய்க் குத்தின. முப்பத்தேழாம் இதழில் அவர் பொறுமை போய்விட்டது. கணக்குப் போட்டு, அட்டவணை பார்த்து, ஒரு ஓட்டை இல்லாமல் எழுதினார். ராயப்பன் நிலாவில் நிற்கிறார், விண்கலம் நொறுங்கிவிட்டது, ரேடியம் சக்தி தீர்ந்துவிட்டது, இடுப்பு மீட்டரில் நாலு நிமிடக் காற்று, பூமியோ மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். கடைசிக் கட்டத்தின் கீழே இப்படி அச்சாகியிருந்தது: 'இதிலிருந்து ராயப்பன் தப்ப வழி உண்டா? அறிவியல் வாசகர், சிவகாசி கோமதிநாயகமே சொல்லட்டும்!'

என் பெயரை அச்சில் பார்த்து நான் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த இதழ் வரவில்லை, காகிதத் தட்டுப்பாடு என்று ககன முரசை நிறுத்திவிட்டார்கள். அச்சில் என்ன இருக்கிறதோ அதைத் தவிர வேறெதுவும் தெரியாத ராயப்பன், அச்சில் சொல்லியிருந்தபடி என்னைக் கேட்க வந்துவிட்டார்.

அவர் நடப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயத்தின் தீவிரம் எனக்குப் புரிந்தது. அவர் நம்மைப் போல நடக்கவில்லை. வாசலில் நின்றார், பிறகு மேஜையருகே நின்றார், நடுவில் இல்லை. கட்டம் விட்டுக் கட்டம் தாவுகிற சித்திரக்கதை ஆளுக்கு இடைப்பட்ட தூரம் கிடையாது. "நடுவில எங்க போறீங்க?" என்று கேட்டேன். "வெள்ளையாக இருக்கும்!" என்று எழுத்து வந்தது. அவர் ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் இடுப்பு மீட்டரில் ஒரு எண் குறைந்தது. நாலு நிமிடம் என்றால் இருநூற்று நாற்பது நொடி, ஒரு கட்டத்துக்கு ஒரு நொடி, அச்சகத்திலிருந்து என் கடைக்கு வருவதற்குள்ளேயே பதினொன்று போய்விட்டது. நிற்கிற இடத்தில் நின்றால் எண் நகராது. பேசினாலும் நகராது, ஏனென்றால் அவர் வாயால் பேசவே இல்லை. நிலாவில் அடக்கிய மூச்சை அவர் இன்னும் விடவில்லை.

"அண்ணன் அசையாம நில்லுங்க" என்றேன். "நான் ஒரு வாரத்துல வழி கண்டுபிடிக்கிறேன்."

ஒரு வாரம் எட்டு மாதமாக நீண்டது.

ஊர் முதல் நாள் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் விசாரித்தது, மூன்றாம் நாள் அவருக்கு இடம் ஒதுக்கியது. சீனி அண்ணாச்சி தன் டீக்கடைப் பக்கம் நிற்கலாம் என்றார், அவர் பேச்சு ஊதி எழும்ப இடம் வேண்டுமென்று தார்ப்பாயை ஒரு பக்கம் சுருட்டிக் கட்டினார், மழை பெய்தால் சாயம் போய்விடக் கூடாதே என்று பெரிய குடை ஒன்றை நட்டார். காது மந்தமானவர்களுக்கு ராயப்பனை ரொம்பப் பிடித்துவிட்டது, ஊரிலேயே அவர் ஒருவர் பேசுவதுதான் அவர்களுக்கு ஒரு எழுத்து விடாமல் விளங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் தவித்து, அதற்காகவே சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகினார்கள். கணக்கெடுக்க வந்த அலுவலர் நிரந்தர முகவரி என்ற இடத்தில் நிலா என்று எழுதி, தற்காலிக முகவரி என்ற இடத்தில் டீக்கடை என்று எழுதி, கையெழுத்தும் வாங்கப் பார்த்தார். கையை நீட்ட ஒரு கட்டம் செலவாகும் என்று நாங்கள் சண்டை போட்டதும் பெருவிரல் ரேகை கூட வேண்டாமென்று போய்விட்டார்.

ஆனால் ராயப்பன் சூப்பர் ஹீரோ இல்லையா, அவரைச் சும்மா நிற்கச் சொன்னால் நிற்பாரா? லாரிக்கு முன்னே ஓடிய பெண்குழந்தையைத் தூக்கிவிட ஐந்து கட்டம் செலவழித்தார். வெடிமருந்துச் சாக்கில் பொறி பட்டதை அணைக்கப் பத்தொன்பது கட்டம். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து வழுக்கிய பெயின்டரைப் பிடிக்க ஆறு. இப்படி இன்னும் பல, தீபாவளி முடிந்தபோது மீட்டரில் நூற்று நாற்பதுதான் இருந்தது. அப்போதுதான் ஊருக்கு உறைத்தது, நம் ஒவ்வொரு அஜாக்கிரதைக்கும் அந்த மனிதரின் மூச்சல்லவா போகிறது என்று.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் மாறிய மாதிரி எந்த ஊரும் மாறியிருக்காது. பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடக்க வைத்தார்கள். பட்டாசுக் கொட்டகைகளில் மணல் வாளியும் தண்ணீர் வாளியும் நிரம்பியே இருந்தன. சைக்கிளில் இரண்டு பேருக்கு மேல் ஏறினால் தெருவே திட்டியது: "ஏய், விழுந்து தொலச்சா யாரு மூச்சு போகும்? இறங்குங்க!" கிணறுகளுக்கு மூடி வந்தது, பீடி பிடிக்கிறவர்கள் ஊருக்கு வெளியே அரை மைல் நடந்து போய்ப் பிடித்துவிட்டு வந்தார்கள். ஒரு கை கூட அசைக்காமல் நின்றபடியே ராயப்பன் காப்பாற்றியவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. இப்போது சென்னையில் மகள் என்னைக் குளுகுளு தியேட்டருக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிற சூப்பர் ஹீரோக்கள் ஒரு ஆளைக் காப்பாற்ற ஒன்பது கட்டடத்தை இடிக்கிறார்கள், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, பாப்கார்னைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம், ராயப்பனைச் சுற்றி பெஞ்சைப் போட்டுக்கொண்டு. அந்த மாதிரிப் பேச்சு இனி ஒரு நாளும் வாய்க்காது. துண்டை ஒரு பக்கம் வீசினால் எதிர்ப்பக்கம் உந்தாதா? உந்தும், நிலாவின் ஈர்ப்பு ஓரடிக்குள் திரும்ப இழுத்துப் போட்டுவிடும். நிலாப் பாறையில் ஆக்சிஜன் இருக்கிறதே? இருக்கிறது, பிரித்தெடுக்க உலை வேண்டும். வருங்காலத்திலிருந்து ராயப்பனே வந்து ராயப்பனுக்குக் காற்று கொடுத்தால்? தப்பித்தால்தானே வருங்காலம், தப்பாத ஆள் எங்கிருந்து வருவார்? இப்போது நிலாவில் பனிக்கட்டி இருக்கிறது என்று சொல்கிறார்கள், அன்றைக்கு எங்களில் யாருக்கு அது தெரியும். ராயப்பனும் பேச்சில் கலந்துகொள்வார், "அருமையான யோசனை!" என்று எழுத்து வரும், நான் அதில் ஓட்டை கண்டுபிடித்ததும் "அடடா!" என்று வரும். டீ ஆறிப்போகும். வெயில் பெஞ்சுக்கு வரும், பெஞ்சை நகர்த்திக்கொள்வோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களைச் சொல்லச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

"என்ன தம்பி, இன்னைக்காவது ஏதும் அகப்பட்டுச்சா?" என்று சீனி அண்ணாச்சி கேட்பார்.

"இல்லண்ணாச்சி. இயற்பியல் ஒத்துக்கிட மாட்டேங்குது."

"அதுகிட்ட நல்லதனமா ஒருக்கா பேசிப் பாருங்களேன்."

மாசி மாதம் தங்கபுஷ்பம் அக்காவிடம் போனேன். அச்சகத்தில் காலண்டர் புரூப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களே முடிவு எழுதிவிடுங்கள், உங்கள் கதைதானே என்றேன்.

"எழுதிப் பாத்துட்டேன். ரெண்டுதரம் அச்சாவே போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு அது செல்ல மாட்டேங்குது. 'கோமதிநாயகமே சொல்லட்டும்'னு நான்தான ரோசத்துல போட்டுத் தொலச்சேன். இனி நீ சொன்னாத்தான் ஆச்சு."

"வழியே இல்லக்கா. நீங்க அவ்வளவு கச்சிதமா அடைச்சு வச்சிருக்கீங்க."

"தப்பா ஒரு வரி எழுது. போதும்."

"தப்பாவா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தேழு இதழ் எழுதினேன் தம்பி. நல்லாருக்குன்னு ஒரு சனம் ஒரு கார்டு போட்டதில்ல. மாசாமாசம் போட்டது நீ ஒருத்தன்தான். அதுலயும் தப்பு மட்டுந்தான். அந்த மனுசனுக்காக ஒரேயொரு தப்பு, உன்னால பண்ண முடியாதா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பான அறிவியல் ராயப்பனைத் தாங்காது, நம்பி அனுப்பினால் நடுவழியில் விட்டுவிடும், சரியான வழிதான் வேண்டும், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பெஞ்சு போட்டோம்.

சித்திரை வந்தது. அந்த வெயிலுக்குக் கல்லே பற்றிக்கொள்ளும், எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு நாள் மத்தியானம் ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே பதினாலு பெண்கள். நாங்கள் ஓடினோம், வாளிகள் ஓடின, எங்களுக்கு முன்னால் டீக்கடைப் பக்கம் ராயப்பன் நின்ற இடம் காலியாகிவிட்டது. கொட்டகை வாசலில் அவர் தெரிந்தார், புகைக்குள் தெரிந்தார், ஒரு பெண்ணோடு வேலியோரம் தெரிந்தார், மறுபடி வாசலில் தெரிந்தார். போய்ச் சேர மூன்று கட்டம், பிறகு ஒரு ஆளுக்கு எட்டு. யாரோ "போதும்யா, போதும்யா" என்று கத்தினார்கள், உள்ளே தன் மகள் இருந்த ஒரு அம்மா அப்படிக் கத்தியவரின் வாயைப் பொத்தினாள். பதினாலு பேரும் வெளியே வந்தார்கள், ஒருத்திக்கு முழங்கையில் மட்டும் காயம். காலையில் நூற்று இருபத்தொன்றாக இருந்த மீட்டர் ஆறுக்கு இறங்கியிருந்தது. டீக்கடைக்குத் திரும்பி வர மூன்று போயிற்று.

மூன்று.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. இனி அவர் அசையவே கூடாது, சுற்றி இரும்புக் கம்பி போட்டுவிடலாம், கண்ணாடிக் கூண்டு வைத்தால் தூசும் படாது, ஊருக்குக் காவலாக இப்படியே நிற்கட்டும், நம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கட்டும் என்று பேசினார்கள். சீனி அண்ணாச்சி அழுதுகொண்டே கூண்டுக்கு அளவெடுத்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எல்லோரும் பிரியத்தில்தான் சொன்னார்கள். நான் கிட்டப் போய் ராயப்பன் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாகத் தினமும் பார்த்த முகம்தான். கன்னம் உப்பியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண் வெளியே தள்ளியிருந்தது. அதை வரைந்த விதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் எட்டு மாதமாக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை அச்சகம் திறக்கும்போது வாசலில் நின்றேன். தங்கபுஷ்பம் அக்கா காகிதம் கொடுத்தார். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'அன்றைக்கு நிலாவில் நல்ல காற்று அடித்தது.'

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். கை தன்பாட்டில் காதிலிருந்த சிவப்புப் பென்சிலுக்குப் போனது, அங்கேயே நின்றது, திரும்பி வந்தது. படம் வரைகிறவர் மதுரைக்குப் போய் வெகுநாளாகிவிட்டதால் படம் இல்லை, வெறும் கட்டம் ஒன்று போட்டு, அதன் கீழே இந்த வரியை வைத்து, ஒரே ஒரு தாள் அச்சடித்தோம். மை காய ஊதிக்கொண்டே அக்காவும் நானும் டீக்கடைக்கு நடந்தோம். நாங்கள் எதற்குப் போகிறோம் என்று ஊருக்கு எப்படித் தெரிந்ததோ, பாதை முழுக்க ஆள் நின்றது, தீயிலிருந்து வந்த பதினாலு பேரும் நின்றார்கள்.

"தம்பி, வேண்டாம்" என்றார் சீனி அண்ணாச்சி. "மூணு இருக்கு. மூணு இருந்தா அவரு நம்மகூடவே இருப்பாரு."

"அவரால மூச்சு விட முடியல அண்ணாச்சி."

"தெரியும். எனக்குத் தெரியாதா? தினம் அவருக்கு எதிர்ல நின்னுதான டீ ஆத்துறேன்" என்றார். சொல்லிவிட்டு வழியை விட்டார்.

தாளை ராயப்பன் முன்னால் விரித்துப் பிடித்தேன். முதல் கட்டத்தில் அவர் குனிந்து படித்தார். இரண்டாவது கட்டத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலைக்கு மேல் எழுத்து வந்தது, சின்னதாக, எனக்கு மட்டும் எட்டுகிற மாதிரி: "இந்த ஒரு வரிக்கா இத்தனை நாள் ஆயிற்று?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன், ஈர்ப்புவிசை, வளிமண்டலம் என்று எட்டு மாதமாகச் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. மூன்றாவது கட்டத்தில் அவர் மூச்சை விட்டார். அதை ஊரே கேட்டது, தூரத்து ஊரிலிருந்து மூட்டை சுமந்து வந்தவர் அதை இறக்கி வைத்தால் ஒரு சத்தம் போடுவாரே, அந்தச் சத்தம். பிறகு குடைக்குக் கீழே கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது, அப்புறம் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

சீனி அண்ணாச்சி ஒரு வருடம் எனக்கு டீ கொடுக்கவில்லை. நியாயம்தான்.

அன்று அவருக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு இங்கே எழுதுகிறேன். அந்த வரி எனக்கு முதல் வாரமே தோன்றிவிட்டது, ராயப்பன் அண்ணே. எழுதினால் நீங்கள் போய்விடுவீர்களே என்றுதான் எழுதாமல் இருந்தேன்.